வளரிளம் பிள்ளைகளின் ‘கட்டாய’ எண்ணங்களை அளக்க: 72 கேள்வியா, 28 கேள்வியா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் வழி வகுப்பும் மலையாள வழி வகுப்பும் ஒரே வளாகத்தில் நடக்கும் பள்ளிகள் உண்டு. இரு தரப்பு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும், அவர்களில் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட எனக்கு ஒரு கேள்வித்தாள் தேவைப்பட்டது. அளக்க வேண்டியது கண்ணேறு, சகுனம் போன்ற நம்பிக்கைகளை அல்ல. ‘நான் ஏ பிளஸ் வாங்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் எதற்கும் லாயக்கில்லை’ என்று விருப்பத்தைக் கட்டாயமாக்கிக்கொள்ளும் போக்கை. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் ‘பகுத்தறிவற்ற எண்ணம்’ என்று பேசியது அதைத்தான்.

ஜோன்ஸ் 1968-இல் தயாரித்த 100 கேள்வித் தாளை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டேன். பெரியவர்களுக்கானது, நீளம். அது நம்பிக்கையை அளக்கிறதா, மன உளைச்சலையா என்ற விமர்சனம் 1980-களிலேயே வந்துவிட்டது.

மிஞ்சியவை இரண்டு. டிஜியுசெப்பி குழுவினர் 1988-இல் கொண்டுவந்த ஏ.பி.எஸ்.-2 (Attitudes and Belief Scale-2) என்னும் 72 கேள்வித் தாள் ஒன்று. பெர்னார்டும் குரோனனும் 1999-இல் சரிபார்த்து வெளியிட்ட சி.ஏ.எஸ்.ஐ. (Child and Adolescent Scale of Irrationality) என்னும் தாளின் 28 கேள்வி வடிவம் மற்றொன்று. நான் எடுத்தது இரண்டாவதை.

ஏ.பி.எஸ்.-2 அழகான கட்டமைப்பு என்பதை மறுக்க மாட்டேன். கட்டாயப்படுத்துதல், பூதாகரப்படுத்துதல், தாங்க முடியாமை, தன்னைத் தாழ்த்துதல் என நான்கு போக்குகள். ஒவ்வொன்றும் பிறர் அங்கீகாரம், சாதனை, சௌகரியம் என்ற மூன்று தளங்களிலும் கேட்கப்படும். பாதிக் கேள்விகள் நேர்மாறாக இருப்பதால், டீச்சர் கொடுத்த தாளாயிற்றே என்று எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடும் பிள்ளை மாட்டிக்கொள்ளும். சி.ஏ.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டது. தன்னைத் தாழ்த்துதல், விதிகளைப் பொறுக்காமை, வேலைச் சலிப்பைப் பொறுக்காமை, நியாயம் வேண்டும் என்ற பிடிவாதம் என்று நான்கு பகுதிகள்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: ஒரு பகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருள் தராதபோது என்ன செய்வது?

அந்தச் சிக்கல் சி.ஏ.எஸ்.ஐ.யின் நியாயப் பகுதியில் கண்ணுக்கு நேரே வந்தது. ‘வீட்டில் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தியே ஆக வேண்டும்’ என்ற மாதிரியான வாக்கியத்துக்கு உச்ச மதிப்பெண் போட்ட ஒரு பெண்ணிடம் காரணம் கேட்டேன். “அண்ணனுக்கு என்ட்ரன்ஸ் கோச்சிங்குக்குப் பணம் கட்டினாங்க டீச்சர். எனக்குன்னா பிளஸ் டூ போதும்ங்கறாங்க.” இதைப் பிடிவாதம் என்று எப்படிக் கணக்கில் சேர்ப்பது? அவள் தன் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறாள். தாளோ அதைக் கோணல் எண்ணமாக எண்ணிக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்த மொத்தத்தை வைத்துப் ‘பெண்களுக்குப் பகுத்தறிவற்ற எண்ணம் அதிகம்’ என்று எழுதினால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் சி.ஏ.எஸ்.ஐ.யில் நியாயப் பகுதியைத் தனியே கழற்றிவைத்துவிட்டு மற்ற மூன்றையும் ஒப்பிட முடிகிறது. ஏ.பி.எஸ்.-2-இல் அது நடக்காது. அங்கீகாரக் கேள்விகளில் இதே சிக்கல் வரும்; ஊர் வாய்க்குப் பயந்து வளர்க்கப்படும் பெண்ணுக்கு ‘பிறர் ஒப்புதல் தேவை’ என்பது பாதி உண்மைதானே. அவற்றை எடுத்தால் 72-இல் 24 போகும். நான்கு போக்குகளும் 18-லிருந்து 12 கேள்விக்கு இறங்கும். ஒரு செங்கல்லை உருவினால் நான்கு சுவரும் ஆடும்.

ஒரு பகுதி இரு குழுக்களுக்கும் ஒரே பொருள் தருகிறதா என்று பகுதி பகுதியாகச் சோதிக்கவும் வழி உண்டு. இரு குழுக்களின் விடைகளையும் ஒரே அமைப்பில் பொருத்திப் பார்த்து, கேள்விகள் இரு குழுவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கூட்டும்போது, அமைப்பு விடைகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஒப்பீட்டுப் பொருத்தக் குறியீடு (CFI) 0.01-க்கு மேல் இறங்கினால் சராசரிகளை ஒப்பிடத் தயங்க வேண்டும். 2002-இல் சியங், ரென்ஸ்வோல்டு என்ற ஆய்வாளர்கள் தந்த வரம்பு அது. ஒரு குழுவுக்குச் சில நூறு பிள்ளைகளாவது இருந்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம். ஒரே பள்ளியில் அது கிடைக்காது.

தமிழ்–மலையாளம் வேறுபாட்டில் என் கை அவ்வளவு உறுதியாக இல்லை. இங்கே பயிற்று மொழியோடு குடும்ப வருமானமும் பெற்றோர் படிப்பும் சேர்ந்தே மாறுகின்றன. எது எதனால் என்று பிரிக்க என் தரவு போதாது. இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டப் பிள்ளைகளிடம் இதே தாளைக் கொடுத்துப் பார்த்ததில்லை. அங்கே கழற்ற வேண்டிய பகுதி வேறாக இருக்கலாம்.