‘நியூ சீரிஸ்’ ஸ்ட்ரீமிங் ஆம்ப் என்று லேப்டாப் அடாப்டரோடு வந்த பெட்டி: வாங்கப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை

பெரம்பூர் வீடு ஒன்றுக்கு 31,500 ரூபாய்க்கு வந்து இறங்கிய ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபயரை, அதாவது வைஃபையில் இணையத்திலிருந்து தானே பாட்டை இழுத்து ஸ்பீக்கரில் பாடவைக்கும் பெட்டியைப் பற்றியது இந்தப் பதிவு. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. கமெண்டில் ஊகித்தும் எழுத வேண்டாம்.

அட்டையில் அச்சிட்டிருந்தது: சேனலுக்கு 100 வாட், 24 பிட்/192 கிலோஹெர்ட்ஸ் (சிடியைத் தாண்டிய ‘ஹை-ரெஸ்’ ஒலித்தரம்), 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ஏர்பிளே 2, கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் (மூன்றும் போனிலிருந்து வைஃபை வழியாகப் பாட்டு போடும் வசதிகள்), எச்டிஎம்ஐ ஆர்க் (டிவி சத்தத்தைப் பெட்டிக்குக் கொண்டுவரும் இணைப்பு). புது வரிசை ஒன்று சந்தைக்கு வந்து எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதே தோற்றத்தில், அதே மாதிரி வட்டத் திரையோடு, பாதி விலைக்கு ஒன்று கிடைத்தால் யாருக்கும் கை போகத்தான் செய்யும். கடைக்காரர்களுக்கும் அது தெரியும்.

முதலில் அடாப்டர். அதன் அடியில் ஒட்டியிருந்த லேபிளில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பழைய லேப்டாப்புகளோடு வருமே, அதே 65 வாட் அடாப்டர். ஆம்ப்பின் பின்பக்கம் பவர் சாக்கெட்டுக்கு மேலே பொடி எழுத்தில் 24 வோல்ட், 6 ஆம்பியர் என்று இருக்கிறது. பெட்டி கேட்பது 144 வாட். கடை கொடுத்தது 65. ஒரிஜினல் அடாப்டரைத் தனியாக எடுத்து விற்றுவிட்டு லேப்டாப் அடாப்டரைப் போட்டுக் கொடுத்தார்களா, இறக்குமதியிலேயே அப்படித்தான் வந்ததா என்பது வாங்கியவருக்கு முக்கியமில்லை. இரண்டு வோல்டேஜும் பொருந்தவில்லை என்பது கடையிலேயே தெரிந்திருக்கும், யாராவது திருப்பிப் பார்த்திருந்தால்.

அந்த ‘100 வாட்’ எவ்வளவு டுபாக்கூர் என்று நாமே கணக்குப் போடலாம். இந்த வகை கிளாஸ் டி (கரண்டை அதிகம் வீணாக்காத ரக) ஆம்ப்பில் ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜின் உச்சம் சப்ளை வோல்டேஜைத் தாண்டாது. சப்ளை வோல்டேஜை அதாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் ஓம் எண்ணின் (அதன் பின்னால் 4, 8 என்று போட்டிருக்கும்) இரண்டு மடங்கால் வகுங்கள். சத்தம் உடையாமல் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வாட் அதுதான். 19 வோல்ட், 8 ஓம் என்றால் 361-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும்: 22 வாட் சொச்சம். சரியான 24 வோல்ட் அடாப்டரைப் போட்டாலும் 36-க்கு மேல் போகாது. 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் 19 வோல்ட்டில் சேனலுக்கு 45, இரண்டு சேனலும் சேர்ந்து 90. ஆனால் அடாப்டர் 65-இலேயே கையைத் தூக்கிவிடும். உள்ளே இருக்கும் சிப் டிபிஏ3116. அதைத் தயாரித்தவர்கள் தரும் டேட்டாஷீட்டே 21 வோல்ட்டில், 4 ஓமில், சேனலுக்கு 50 வாட் என்றுதான் சொல்கிறது, அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில், அதாவது சத்தம் உடையும் நிலையில். நல்ல சிப்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்துக்குப் பத்து அறைக்கு 20 வாட்டே தாராளம். 20 வாட்டை 100 என்று விற்றதுதான் பிரச்சினை.

வீட்டில் நடந்தது இது. வால்யூம் பாதியைத் தாண்டியதும், கானாப் பாட்டில் டோலக்கும் டேப்பும் ஒன்றாக விழும் இடத்தில் திரை பொசுக்கென்று அணையும். ஒரு நொடி கழித்து லோகோ வரும். மறுபடி வைஃபை பிடித்துப் பாட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். போன் செய்தால் வந்த பதில்: “உங்க ஏரியால வோல்டேஜ் ட்ராப் சார், ஸ்டெபிலைசர் போடுங்க.” இது பச்சைப் பொய். அடாப்டரின் லேபிளிலேயே இன்புட் 100–240 வோல்ட் என்று இருக்கிறது. வீட்டு கரண்ட் 190-க்கு இறங்கினாலும் அது அசையாது. பெட்டி அணையும் நொடியில் அதே பிளக் பாயிண்டில் உள்ள லைட் மங்குகிறதா என்று பாருங்கள். மங்கவில்லை என்றால் குற்றவாளி அடாப்டர்தான். பேஸ் அடிக்கும் கணத்தில் அதன் ஓவர்கரண்ட் பாதுகாப்பு (தாங்காத அளவு கரண்ட் இழுத்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்வது) விழுகிறது.

இனி டெமோ. பலர் ஏமாறுவது இங்கேதான். கடையில் நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி:

“தம்பி, இது வைஃபைல தானே பாடுது?”

“ஆமாண்ணே, ஃபுல் ஹை-ரெஸ். திரைல பாருங்க, 192 காட்டுது.”

திரையில் 192 காட்டியது உண்மை. பாட்டு வந்தது புளூடூத்தில். உள்ளே வரும் எதையும் 192-க்கு மாற்றி டிஏசிக்கு (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் சிப்) அனுப்பும் செட்டிங் பல பெட்டிகளில் உண்டு. திரை அந்த மாற்றிய எண்ணைத்தான் காட்டும், பாட்டு எந்தத் தரத்தில் வந்தது என்பதைக் காட்டாது. சிடியின் தரம் விநாடிக்கு 1,411 கிலோபிட். ஐபோன் புளூடூத்தில் அனுப்புவது பாட்டைச் சுருக்கும் எஸ்பிசி அல்லது ஏஏசி முறையில் மட்டும், அதுவும் ஏறக்குறைய 250-க்குள் நிற்கும். ஆண்ட்ராய்டில் எல்டாக் என்ற சுருக்கும் முறை இருந்தால் உச்சம் 990. இதில் எதற்கும் ‘ஃபுல் ஹை-ரெஸ்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதைக் கடையிலேயே பிடிக்க இரண்டு போன் போதும். ஒன்றில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பெட்டியை அதில் இணையுங்கள். மற்றொன்றையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, ஸ்பாட்டிஃபை கனெக்ட் அல்லது கூகுள் காஸ்ட் வழியாகப் பாட்டைப் பெட்டிக்கு அனுப்புங்கள். பாட்டு ஓடத் தொடங்கியதும் இரண்டாவது போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, புளூடூத்தும் வைஃபையும் அணைந்துவிட்டனவா என்று ஒரு தடவை சரிபாருங்கள். சில போன்கள் ஏரோபிளேன் மோடிலும் புளூடூத்தை விட்டுவைக்கும். அதற்குப் பிறகும் பாட்டு நிற்காமல் ஓடினால் பெட்டி தானே இணையத்திலிருந்து இழுக்கிறது, அது உண்மையான ஸ்ட்ரீமர். சில நொடியில் நின்றால் அது புளூடூத் ஸ்பீக்கர் போர்டுக்குப் போட்ட புது முகம். ஏர்பிளேயில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அதில் போன்தான் அனுப்பிக்கொண்டிருக்கும், போனை அணைத்தால் நல்ல பெட்டியிலும் நிற்கும். பத்து நிமிடம் 320 கிலோபிட்டில் ஓட்டினால் 24 எம்பி டேட்டா செலவாகும், அவ்வளவுதான். கடையில் வைஃபை இல்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஹாட்ஸ்பாட் போட்ட கையோடு இன்னொன்றும் பார்க்கலாம். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்டை 5 கிகாவுக்கு மாற்றுங்கள். பெட்டியின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயர் வராமல் போனால் உள்ளே இருப்பது 2.4 மட்டும் பிடிக்கும் மாட்யூல். பெரம்பூர்ப் பெட்டியில் வரவில்லை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இது பெரிய விஷயம். அங்கே எந்த வீட்டில் நின்று போனைத் திறந்தாலும் பதினைந்து, இருபது வைஃபை பெயர் வரும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் பாட்டு திக்கித் திணறும். ‘300 எம்பிபிஎஸ் பிளான் போடுங்க’ என்று அதற்கும் ஒரு யோசனை சொல்வார்கள். சுருக்காத 24/192 ஸ்டீரியோவுக்கே விநாடிக்கு 9.2 மெகாபிட்தான் வேண்டும், பிளானை மாற்றி ஒரு பயனும் இல்லை. லேன் சாக்கெட் இருந்தால் ரூட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள், அதோடு தொல்லை தீரும். இந்தப் பெட்டியில் லேன் சாக்கெட்டே கிடையாது.

ஏர்பிளே 2, கூகுள் காஸ்ட் இரண்டும் ஆப்பில் எங்கேயும் இல்லை. “அடுத்த அப்டேட்ல வரும்ணே” என்றார்களாம். ஏர்பிளேக்கு ஆப்பிளின் உரிமமும் காஸ்ட்டுக்குக் கூகுளின் சான்றிதழும் அந்த மாடலுக்கே வாங்கியிருக்க வேண்டும். வாங்காத பெட்டிக்கு எந்த அப்டேட்டும் அதைக் கொண்டுவராது. இன்று பெட்டியில் ஓடாத வசதி எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அட்டையில் இருந்த தங்க நிற ஹை-ரெஸ் முத்திரையும் அப்படித்தான். ஜப்பான் ஆடியோ சொசைட்டி உரிமம் கொடுத்து அச்சிட வேண்டிய முத்திரை அது. ஸ்டிக்கராகவும் அச்சடித்து ஒட்டிவிட முடிகிறது.

எச்டிஎம்ஐ ஆர்க் மட்டும் வேலை செய்தது, நியாயத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனால் டிவியின் ஆடியோ அவுட்புட் டால்பியில் இருந்தால் சத்தமே வராது, சுருக்காத பிசிஎம்முக்கு மாற்ற வேண்டும். இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு.

பெட்டியோடு ‘ஒரு வருஷம் டைடல் ஃப்ரீ’ என்று ஒரு கணக்கும் கொடுத்தார்கள். ஹை-ரெஸ் பாட்டு தரும் சந்தா சேவைகளான டைடலும் கோபஸும் இந்தியாவில் முறையாகச் சேவை தொடங்கவில்லை. இப்படிக் கொடுப்பது வெளிநாட்டு ஃபேமிலி பிளானில் ஓர் ஓரத்து இடம். அந்த பிளானின் சொந்தக்காரர் எப்போது நீக்கினாலும் அன்றோடு பாட்டு நிற்கும். இதில் ஏழாவது வாரம் நின்றது. அதைவிட மோசம், பெட்டியில் கடையின் சொந்த ஜிமெயில் கணக்கே ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு உங்கள் கணக்கில் புதிதாகத் தொடங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் காசு கொடுக்கும் முன்பே, விற்பவர் கண் முன்னால் ரீசெட் செய்து, மறுபடி செட்டப் முடிகிறதா பார்க்க வேண்டும்.

பர்மா பஜார் பக்கம் இன்னும் கிடைக்கும் பழைய குரோம்காஸ்ட் ஆடியோவுக்கு (சாதாரண ஸ்பீக்கரில் செருகி வைஃபையில் பாடவைக்கும் கூகுளின் சின்னக் கருவி) மட்டும் இந்த ரீசெட் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2025 மார்ச் 9 அன்று, உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகம் முழுக்க ஒரே நாளில் படுத்தன. கூகுள் சில நாளில் சரிசெய்தது. பதற்றத்தில் ரீசெட் செய்தவர்கள்தான் கூடுதலாக அவதிப்பட்டார்கள். இன்று வாங்குவதென்றால் புது அப்டேட் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டியும் ஆப்பை நம்பித்தான் ஓடுகிறது. 2024 மே மாதம் வைஃபை ஸ்பீக்கர் கம்பெனியான சோனோஸ் புது ஆப்பை வெளியிட்டபோது அலாரம், பாட்டு வரிசையைத் திருத்துவது மாதிரி அடிப்படை வசதிகள் காணாமல் போயின. கொதித்த வாடிக்கையாளர்களைச் சமாளிக்க மாதக்கணக்கு ஆனது. 2025 ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார். அதனால் புது வரிசையை முதல் நாளே வாங்கத் துடிப்பவர்கள் மூன்று மாதம் பொறுத்தால் குடி முழுகாது.

பில் விஷயத்துக்கு வருவோம். கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. “பில்லு போட்டா 18 பர்சன்ட் ஏறும்ணே.” அந்த 18 சதவீதம் கொடுத்தால் கிடைப்பது வாரண்டி. கொடுக்காவிட்டால் வாரண்டியைக் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. சரியான பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் கடையின் பதிவுப் பெயர் வரும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். அட்டை, பெட்டியின் முதுகு, ஆப்பில் ‘டிவைஸ் இன்ஃபோ’ என்று மூன்று இடத்திலும் அதே எண் இருக்க வேண்டும். இங்கே அட்டையில் ஒன்று, முதுகில் ஒன்று. ஆப்பில் எதுவுமே இல்லை. இறக்குமதிச் சரக்கென்றால் அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதமும் வருடமும், எம்ஆர்பி, புகார் சொல்லும் எண் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அடாப்டரில் ஐஎஸ்ஐ மாதிரியான பிஐஎஸ் (மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் எண்ணும் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று சொல்லிவிடும். அமெரிக்காவிலிருந்து ‘லக்கேஜில் வந்த’ பீஸ் என்றால் முதுகில் 120 வோல்ட் மட்டும் போட்டிருக்கிறதா பாருங்கள். நம் 230-இல் செருகிய நொடியில் கதை முடிந்துவிடும். ஜப்பான் பீஸ் 100 வோல்ட்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சேதி. உப்புக் காற்றில் ஸ்பீக்கர் டெர்மினல் சில மாதத்திலேயே பச்சை பூத்துவிடும். அதைக் காட்டி ‘தண்ணீர் பட்டிருக்கிறது’ என்று வாரண்டியை மறுப்பார்கள். அட்டையைப் பிரிக்கும்போதே பெட்டியின் பின்பக்கத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வெறும் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகாமல் முலாம் பூசிய பனானா பிளக் போடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பெட்டியைப் பிரித்துவிடாதீர்கள். சிப்பைப் படிக்க வேண்டும் என்றால் மேலே ஒட்டிய ஹீட்சிங்க்கைக் கழற்ற வேண்டியிருக்கும், திருகு மேல் இருக்கும் ஸ்டிக்கர் கிழிந்ததும் கடைக்காரர் கை கழுவிவிடுவார். பெரம்பூர்ப் பெட்டியைத் திறந்ததும் அப்படித்தான் ஒரு சண்டையில் முடிந்தது. அதற்குப் பதிலாக, அடாப்டர் லேபிளையும் பெட்டியின் முதுகையும் ஒரே படத்தில் எடுங்கள். பெட்டி அணைந்து எழுவதை வீடியோ எடுங்கள். யுபிஐ ரசீது கடைப் பெயருக்குப் போனதா, யாரோ ஒருவருடைய சொந்த எண்ணுக்குப் போனதா என்று பார்த்து அதையும் சேமியுங்கள். பிறகு கடைக்கு எழுத்தில், வாட்ஸாப்பிலாவது, கேளுங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சீட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அதே பட்டியலில் இருக்கிறது. அதனால் அந்த 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டுவிடுவது முக்கியம்.

கடை அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அடுத்தது வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருடம்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லாமல் வைத்திருப்பவர்கள் பிஐஎஸ் எண் உள்ள 24 வோல்ட், 6 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். முள்ளின் அளவு பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டம், உள்விட்டம் 2.1 அல்லது 2.5. பழைய அடாப்டரைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. நடு முள் பிளஸ்தானா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரோடு இருந்தால் அணைந்து எழும் தொல்லை போய்விடும். 100 வாட் மட்டும் வராது.