மோட்டார்ஹோமுக்கான தனிக் காப்பீடு: எங்கே கை கொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

வீடும் வண்டியும் ஒன்றான மோட்டார்ஹோமுக்குக் கார் பாலிசி போதாது என்பதால், இதற்கென்றே விற்கப்படும் முழுக் காப்பீடு ஒன்றை எடுத்தேன். வண்டி முற்றிலும் சேதமானால், தேய்மானம் கழித்த சந்தை மதிப்பை அல்லாமல், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையைத் தருகிறார்கள் என்பதே இதன் பெரும் பலம். உட்புறத்தைச் செலவழித்து மாற்றியமைத்தவர்களுக்கு இது உண்மையான ஆறுதல். ஆனால் கூரை இணைப்பில் மெல்லக் கசிந்து, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை உளுத்துப்போகச் செய்யும் நீரை, படிப்படியான சிதைவு என்று விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆண்டுதோறும் ஈரப்பதச் சோதனை செய்துகொள்வது மிக அவசியம். சாலையோர உதவி 3.5 டன் வரையிலான வண்டிகளுக்கு மட்டுமே என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கிறது. பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உடைமைகளுக்கான உச்சவரம்பும் குறைவுதான். ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வசிப்பவர்களுக்கு இந்தப் பாலிசி பொருந்தாது. விடுமுறைப் பயணங்களுக்கு மட்டும் எடுப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.