பருத்தியின் பூச்சி எதிர்ப்பு: சுணை இலையா, வழுவழுப்பான இலையா?

பருத்தி இலையைத் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்தால், அடிப்புற நரம்புகளின் மேல் மெல்லிய சுணை, அதாவது நுண்மயிர், தெரியும். மருந்தை நம்பாமல் பூச்சியைத் தாங்கும் இரகத்தை உருவாக்க முனைந்தவர்களுக்கு, இந்தச் சுணையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதே நெடுங்காலக் கேள்வி.

கூட்டுவதற்கான வலுவான சான்று தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. முன்னர் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி செய்த எஃப்.ஆர். பார்னெல், 1920களில் பார்பர்ட்டன் நிலையத்தில், இலைச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான தத்துப்பூச்சிக்கு ஈடுகொடுத்து நின்ற செடிகளைத் தேர்ந்தெடுத்து யூ4 என்னும் இரகத்தை உருவாக்கினார். தத்துப்பூச்சி இலை நரம்புக்குள் முட்டையைச் செருகி வைக்கும்; சுணை நீளமாகவும் நெருக்கமாகவும் இருந்தால் முட்டையிடுவதும் சாறு உறிஞ்சுவதும் தடைபடுகின்றன. குட்டைச் சுணை எவ்வளவு அடர்ந்திருந்தாலும் பெரிதாகப் பயன்படுவதில்லை. தாங்கும் திறனற்ற செடியிலோ இலை விளிம்பு மஞ்சளித்து, கீழ்நோக்கிச் சுருண்டு, பிறகு தீய்ந்ததுபோல் சிவந்துவிடும்.

ஆனால் அதே சுணை, பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு முட்டையிட வசதியான பிடிமானமாகிறது. வெள்ளை ஈயும் பொதுவாகச் சுணை இலையையே நாடுகிறது. போதாக்குறைக்கு, அறுவடையில் இலைத்துணுக்குகள் பஞ்சோடு ஒட்டி வந்து தரத்தைக் கெடுக்கின்றன. வழுவழுப்பான இலையில் இம்மூன்று தொல்லைகளும் குறைவு. அமெரிக்காவில் அதற்கு ஆதரவு பெருகியதில் வியப்பில்லை. ஆனால் இந்திய வயலில் அத்தகைய செடியைத் தத்துப்பூச்சி விட்டுவைக்காது.

இந்தியாவில் 2002இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி, அதாவது ஒரு பாக்டீரியாவின் மரபணுவால் புழுவைக் கொல்லும் நச்சுப்புரதத்தைத் தானே உண்டாக்கும் பருத்தி, இந்தக் கணக்கையே மாற்றியது. காய்ப்புழுவை நச்சுப்புரதமே கவனித்துக்கொண்டதால், வழுவழுப்பான இலைக்கான முதன்மை வாதம் வலுவிழந்தது. அப்புரதம் சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஒன்றும் செய்வதில்லை என்பதால் சுணையின் தேவை கூடியிருக்க வேண்டும். நடைமுறையிலோ, தத்துப்பூச்சியைத் தாங்காத வீரிய ஒட்டு இரகங்கள் பல, விதை நேர்த்தி மருந்தின் துணையோடு சந்தைக்கு வந்தன. 2006இல் வந்த, இத்தகைய இரு மரபணுக்கள் கொண்ட பி.டி. பருத்தியையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு சில ஆண்டுகளில் வென்றுவிட்டது.

ஹவாய்த் தீவுகளின் காட்டுப் பருத்தியிலிருந்து பெறப்பட்ட, தேன்சுரப்பியற்ற இலைப் பண்பு இப்புழுவின் அந்துப்பூச்சிக்கு உணவைக் குறைக்கிறது. எனினும் நன்மை செய்யும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அத்தேனை உண்பவையே.

என் தேர்வு, மானாவாரி நிலத்துக்கு, நடுத்தர அடர்த்தியில் நீண்ட சுணையும் வெண்டை இலைபோல் ஆழமாகப் பிளந்த இலையும் சேர்ந்த செடி. பிளவுகளின் வழியே வெயிலும் காற்றும் உள்ளே புகுவதால், சுணை வரவழைக்கும் வெள்ளை ஈக்கு அங்கு அவ்வளவாக வசதிப்படாது. கரிசல் மண்ணின் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகள் சாறு உறிஞ்சும் பூச்சிகளை வீரிய ஒட்டு இரகங்களைவிட நன்றாகத் தாங்குகின்றன என்றாலும், அவற்றின் குட்டை இழைக்கு ஆலைகள் தரும் விலையில் விவசாயி அவற்றுக்குத் திரும்புவது எளிதன்று.