ஃபிரிட்ஜ் வடிகால் சுத்தம் செய்யும் செட்: வாங்கலாம், ஆனால் எல்லா வீட்டுக்கும் அல்ல

காய்கறி டிராயரை வெளியே இழுத்தால் அடியில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது, துணி போட்டு ஒத்தி எடுத்தால் ஓரிரு நாளில் மறுபடி அதே கதை என்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆன்லைனில் ‘ஃபிரிட்ஜ் டிரெயின் கிளீனர்’ என்று தேடினால் வரிசையாக வந்து விழுமே, அந்தச் செட்டைத்தான் வாங்கினேன். 15 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) முடிந்தது. நுனியில் விரல் நீளத்துக்கு நைலான் பிரஷ் வைத்த, வளைகிற நீளக் கம்பி ஒன்று, பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று, அதில் மாட்ட மெல்லிய டியூப், அப்புறம் எதற்கென்றே விளங்காத ஒரு குட்டி பிரஷ். பிராண்டு எதுவும் இல்லை. ஒரே படத்தைப் போட்டு ஊரில் உள்ள எல்லாரும் விற்கிறார்கள்.

இரண்டு ஃபிரிட்ஜில் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டும் பினாங்கில்தான்: ஒன்று ஆயர் ஈத்தாமில் மாமியார் வீட்டில் இருக்கும் பழைய ஒரு கதவுக்காரன், இன்னொன்று குளுகோரில் எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு கதவு ‘நோ ஃபிராஸ்ட்’ (ஐஸைத் தானே உருக்கிக்கொள்ளும் வகை). முதலாவதில் வேலை அருமையாக நடந்தது, இரண்டாவதில் அவ்வளவாக இல்லை. காரணம் செட்டில் இல்லை, தண்ணீர் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

மாமியார் வீட்டு ஃபிரிட்ஜில் பின்சுவரின் அடியில் ஓர் ஓடை மாதிரி பள்ளமும் அதன் நடுவில் சுண்டுவிரல் நுழையாத ஒரு துளையும் இருக்கும். சுவரில் கோக்கும் ஈரம் வழிந்து அந்தத் துளைக்குள் இறங்கி, டியூப் வழியாகப் பின்னால் கம்பிரசர் மேல் உட்கார்ந்திருக்கும் தட்டுக்குப் போய், அங்கே கம்பிரசர் சூட்டிலேயே ஆவியாகிவிட வேண்டும். பின்சுவரில் துளித்துளியாக நீர் நிற்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள், இந்த வகை ஃபிரிட்ஜில் அது சகஜம்தான். துளை அடைத்துக்கொண்டால்தான் வம்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள்) பிரஷ் கம்பியை மெதுவாகத் திருகித் திருகி உள்ளே விட்டேன். பாதியில் தடுத்தது, கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டியதும் வழி விட்டது. வெளியே இழுத்தபோது பிரஷில் சுற்றிக்கொண்டு வந்தது ஒரு கறிவேப்பிலைக் காம்பு, ஊறிப்போன ஸ்டிக்கர் காகிதத் துண்டு, அவற்றின் மேல் சளி மாதிரி கறுப்பாக ஒரு வழவழப்பு. நாற்றம் சொல்லி மாளாது. அதன்பின் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோடா உப்பும் கலந்து ஏற்றினேன், பின்னால் தட்டில் சொட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அதுதான் பரிசோதனை: அரை கிளாஸ் தண்ணீர் விட்டால் பின்னால் சத்தம் வர வேண்டும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், உள் பிளாஸ்டிக் விரிசல் விடலாம். கத்தி, இரும்புக் கம்பி வைத்துக் குத்தவும் வேண்டாம், இப்போது வரும் பல ஃபிரிட்ஜுகளில் குளிரூட்டுவதற்காக இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது, குழாயில் ஓட்டை விழுந்தால் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்தான்.

இனி எங்கள் வீட்டு விஷயம். நோ ஃபிராஸ்ட் வகையில் அந்தத் துளை கண்ணுக்கே படாது, ஃபிரீசரின் பின் பலகைக்கு உள்ளே, குளிர்க் காயிலுக்கு (குளிரூட்டும் சுருள் குழாய்) அடியில் இருக்கும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு ஹீட்டர் தானாக ஓடி, காயிலில் படிந்த ஐஸை உருக்கும், உருகிய நீர் துளை வழியாக இறங்கும். அந்த இடத்திலேயே ஐஸ் உறைந்து துளையை மூடிக்கொண்டால், தண்ணீர் போக வழியில்லாமல் காற்று வரும் பாதை வழியாகக் கீழ்த்தட்டுக்கு வழிந்து, கடைசியில் காய்கறி டிராயருக்கு அடியில் வந்து தேங்கும். இந்த அடைப்புக்கு பிரஷ் எந்த வகையிலும் உதவாது. விற்பவர்கள் ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று போடுகிறார்களே, அது சுத்தப் பொய் இல்லை என்றாலும் பாதி உண்மை. பலகையைக் கழற்றத் தெரிந்தால் மட்டும் சிரிஞ்சு கைகொடுக்கும், வெதுவெதுப்பான தண்ணீரை நேராகத் துளை மேல் பீய்ச்சினால் ஐஸ் சீக்கிரம் கரையும். கழற்றத் தெரியாவிட்டால் சாமான்களை எல்லாம் ஐஸ் போட்ட வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து வைத்து, கீழே பழைய துண்டுகளைப் பரப்பி ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம், சரியாகிவிட்டது. சில வாரத்தில் திரும்பவும் வந்தால் ஹீட்டரோ சென்சாரோ போயிருக்கலாம், அது ஆள் கூப்பிட வேண்டிய வேலை.

ஆள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். செட் வாங்குவதற்கு முன்னால் மாமியார் வீட்டுக்கு ஒரு ரிப்பேர்க்காரர் வந்தார், பெயர் வேண்டாம். டிராயரைக்கூட இழுத்துப் பார்க்காமல் ‘கேஸ் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி, ஏத்தணும்’ என்றார். பால் கெடவில்லை, ஃபிரீசரில் மீன் கல்லு மாதிரி இருக்கிறது, அப்படியானால் கேஸ் எப்படி முடிந்திருக்கும்? கேஸ் குறைந்தால் முதலில் போவது குளிர்தான். குளிர் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் தேங்கினால் வடிகாலைப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். மாமியார் ஒரு காப்பியைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டார், வந்து பார்த்ததற்கான கூலியோடு. அந்தக் கூலியில் இந்தச் செட் நாலைந்து வாங்கியிருக்கலாம்.

தண்ணீர் டிராயருக்கு அடியில் இல்லாமல் மேல்தட்டுகளில், கண்ணாடிக்குக் கீழே முத்து முத்தாக நின்றால் துளையைக் குடைவது வீண். அது கதவு ரப்பர் விஷயம். பினாங்கு காற்றின் ஈரத்துக்கு ரப்பரில் சின்ன இடைவெளி இருந்தாலும் போதும். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளி நோட்டை வைத்துச் சோதிக்காதீர்கள், அது பிளாஸ்டிக், எப்படியும் வழுக்கும், பழைய ரசீது போதும். சூடான குழம்பை மூடாமல் உள்ளே வைப்பதும் இதே வேலையைச் செய்யும். தண்ணீர் ஃபிரிட்ஜுக்கு வெளியே தரையில் ஓடினால் பின்னால் இருக்கும் தட்டு நகர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செட்டின் தரத்துக்கு வருவோம். சிரிஞ்சு நன்றாக இருக்கிறது, ரப்பர் இறுக்கம், ஒழுகவில்லை. டியூப் கொஞ்சம் விறைப்பு, வெந்நீரில் நனைத்தால் இளகிவிடுகிறது. பிரஷ்தான் சுமார், இழுக்கும்போது ஒன்றிரண்டு நார் உதிர்ந்து துளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, அடைப்பை எடுக்க வந்தது தானே அடைப்பாகிவிடக் கூடாதே என்று பிறகு தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவ வேண்டியிருந்தது. கம்பியின் நுனியும் கூராக இருந்தது, நான் அதில் ஒரு சின்ன டேப் சுற்றிக்கொண்டேன். குட்டி பிரஷ் இப்போது பாட்டில் மூடி கழுவுகிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒரு கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். நோ ஃபிராஸ்ட் வைத்திருப்பவர்கள் முதலில் ஓர் இரவு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது. சிரிஞ்சு மட்டும் வேண்டுமென்றால் பக்கத்து ஃபார்மசியில் கிடைக்கும், மெல்லிய டியூப் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். ஆன்லைனிலேயே வாங்குவதாக இருந்தால் நீளக் கம்பி உள்ளதாகப் பார்த்து எடுங்கள், குட்டைக் கம்பி செட் ஒன்றும் அதே படத்தோடு விற்கிறது, அது பாதித் தூரம்கூடப் போகாது.