கடற்கரை நடைபாதையா, சாட்ஸ்வர்த் மேடா?

முதல் மாரத்தான், 42.195 கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கே ஓடிப் பழகுவது?

செலவு: டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் குடியிருப்பவருக்கு மேடு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கடற்கரைக்குப் போக டாக்சிக் காசு வேண்டும்.

கால்: நடைபாதை சமதளம், ஒரே சீராக நெடுந்தூரம் ஓடலாம். மேடு ஏறினால் தொடை வலுப்படும். ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். புதியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்து, இரண்டு வாரம் நொண்டினேன்.

புழுக்கம்: ஜனவரியில் இரண்டு இடமும் ஒன்றுதான். விடியலிலேயே முடித்துவிடுங்கள்.

துணை: கடற்கரையில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. தெருவில் தனியாக, இருட்டில் ஓட வேண்டாம்.

புதியவருக்குக் கடற்கரையே சரி. அப்புறம் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் ஆசை வந்தால், அது ஏறக்குறைய 90 கிலோமீட்டர், மேட்டிலிருந்து தப்ப முடியாது.