பிளேட் மின்னழுத்தத்தையும் காட்டும் பயாஸ் மீட்டர்: ஒரு மதிப்புரை

ஒலிபெருக்கியை இயக்கும் வெற்றிடக் குழாயான பவர் வால்வுக்கும் அதன் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் எட்டு முள் அடாப்டர்கள் இரண்டும், அவற்றோடு கம்பியால் இணைந்த டிஜிட்டல் மீட்டரும் கொண்ட இந்தக் கருவியை, இஎல்34 வால்வுகள் பொருத்திய ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் பயன்படுத்திப் பார்த்தேன். ஒலி எதுவும் இல்லாதபோது வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று வைப்பதே பயாஸ்; ஃபிக்ஸட் பயாஸில் அதற்கெனத் தனி எதிர் மின்னழுத்தம் தரப்படுகிறது. வால்வில் எலக்ட்ரான்களை உமிழும் முனையான கேத்தோடின் பாதையில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் குறுக்கே எழும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டையும் ஒரு மில்லிஆம்பியராகக் காட்டுவதுதான் இதன் வேலை. பயாஸ் திருகு வெளியிலேயே அமைந்த ஆம்ப்ளிஃபையராக இருந்தால், உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம் உள்ள சேஸிஸைத் திறக்காமலே வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால் மின்னோட்டத்தை மட்டும் காட்டும் மலிவான வகைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இஎல்34 வால்வில் எலக்ட்ரான்களை வாங்கும் தகடான பிளேட் தாங்கும் உச்ச வெப்பச் சுமை 25 வாட். ஒலி அலையின் இரு பாதிகளை வால்வுகள் பகிர்ந்து சுமக்கும் ஏபி வகுப்பில் அதன் 70 சதவீதத்தை, அதாவது 17.5 வாட்டை, மேல் எல்லையாகக் கொள்வது வழக்கம். வாட்டை வோல்ட்டால் வகுக்க, பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் அது ஏறத்தாழ 39 மில்லிஆம்பியர். 400 வோல்ட் என்றால் 44. பிளேட் மின்னழுத்தம் தெரியாமல், யாரோ சொன்ன எண்ணுக்குத் திருகைத் திருப்புவது பயாஸ் வைப்பதாகாது. இந்தக் கருவியில் ஒரு சுவிட்சைத் தட்டினால் அந்த மின்னழுத்தமும் தெரிகிறது என்பதே இதை வாங்கத் தகுந்ததாக்குகிறது. ஒரு வால்வின் மின்னோட்டத்தைக் கூட்டும்போது பிளேட் மின்னழுத்தம் சற்று இறங்கி மற்ற வால்வுகளின் அளவும் மாறுவதால், எல்லாவற்றையும் மீண்டும் ஒரு சுற்று பார்ப்பது அவசியம்.

கேத்தோடு மின்னோட்டத்தில் பிளேட்டுக்கு முன்னே உள்ள வலையான ஸ்கிரீன் கிரிட்டின் சில மில்லிஆம்பியரும் அடங்கும் என்பதைக் கையேடு சொல்லவில்லை. பிளேட்டின் உண்மையான சுமை நம் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால் வால்வுக்கு ஆபத்தில்லை. எனினும் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டின் எதிர் மின்னழுத்தத்தை மிகுதியாக்கினால் மெல்லிய ஒலிப்பகுதிகளில் கிராஸ்ஓவர் சிதைவு (அலையின் இரு பாதிகள் சேரும் இடத்தில் எழும் பிசிறு) தலைகாட்டுவதையும், படிப்படியாகத் தளர்த்தும்போது அது மறைவதையும், எண்களைப் பார்த்தபடியே கேட்டறிய முடிந்தது எனக்கு மிகவும் பிடித்தது.

அடாப்டர் வால்வை உயர்த்திவிடுவதால் மேல்மூடி பொருந்தாது. அடாப்டரின் நீளமான கம்பிகள் சில ஆம்ப்ளிஃபையர்களில் தானாக எழும் மின் அலைவைத் தூண்டி எண்களைத் தாறுமாறாக்கவும் கூடும். ஆகவே அளந்து முடித்ததும் மின்சாரத்தை நிறுத்தி, வால்வுகள் ஆறிய பின் கழற்றிவிட வேண்டும். இஎல்84 போன்ற ஒன்பது முள் வால்வுகளுக்கு வேறு அடாப்டர் தேவை.