சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ்: இடம் பிடிக்கும் முறை எப்படி இருந்தது?

2026 ஜனவரி 27-இல் இருக்கை எண் ஒதுக்கும் முறை வரும்வரை, அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானங்களில் காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம் என்றிருந்தது. ஏறும் வரிசைக்கு ஏ, பி, சி பிரிவுகள். பிரிவுக்கு 60 எண்கள் வரை. புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே செக்-இன் செய்யாவிட்டால் பின்னால் உள்ள எண் கிடைத்து, பெரும்பாலும் நடு இருக்கைதான்.

வாயிலில் ஐந்தைந்து எண்களாகத் தூண்களருகே நிற்க வைத்த ஒழுங்கு அருமை, முண்டியடிப்பு குறைவு. 6 வயது வரையுள்ள குழந்தைகளோடு வருபவர்களை ஏ பிரிவுக்கும் பிக்கும் இடையில் ஏற்றியதும் நியாயமே.

உள்ளே போனதும் அந்த நியாயம் கலைந்தது. பக்கத்து இருக்கையில் பை வைத்து இடம் பிடிப்பதைத் தடுக்கவும் விதி இருக்கவில்லை, அனுமதிக்கவும் இருக்கவில்லை. ஒருவர் மட்டும் கூடுதல் கட்டணம் கட்டி முன்னே ஏறி, பின்னால் வரும் நால்வருக்கு இடம் பிடித்தால், பணியாளர் எதைச் சொல்லித் தடுப்பார்? அவசர வழி இருக்கையில் மட்டும் கண்டிப்பு இருந்தது. உடல்நிலை காரணமாக எல்லோருக்கும் முன்பே ஏற்றப்பட்டவர்களுக்கு அந்த இருக்கை கிடையாது.